ஏரி யாருக்குக் காட்சி, யாருக்கு ஆக்கிரமிப்பு?

சனி, ஞாயிறு நாளிதழ்களின் முதல் பக்கம் இப்போதெல்லாம் செய்திக்கு இல்லை, வீட்டு விளம்பரத்துக்கு. நீலமாய் ஒரு நீர்ப்பரப்பு. அதன் மேல் இரண்டு நாரைகள். கரையில் நான்கு படுக்கையறை வில்லா, பால்கனியில் காபிக் கோப்பையோடு ஒருவர், புல்வெளியில் சைக்கிள் ஓட்டும் குழந்தை. 'லேக் வியூ', 'லேக் ஃபிரன்ட்', 'லேக் சைடு' என்று பெயர் மாறும், படம் மாறாது. தமிழ் நாளிதழில் வந்தாலும் அந்த விளம்பரத்தில் 'ஏரி' என்ற சொல் இருக்காது. அது உள்பக்கத்தில், வேறொரு செய்தியில் இருக்கும்: ஏரிப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு அகற்றம், போலீஸ் குவிப்பு, ஜே.சி.பி.யின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். 'லேக்' என்றால் விலை ஏறும். 'ஏரி' என்றால் வீடு போகும்.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாகச் சென்னையின் தெற்குப் புறநகர்க் கிராமங்களின் பழைய நிலப் பதிவேடுகளைப் படித்து வருகிறேன். அதனால் இந்த விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு நாரை கண்ணில் படுவதில்லை, சர்வே எண்தான் படுகிறது. வில்லா எழுந்திருக்கும் இடம் எது? ஏரி என்றால் என்னவென்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இந்த வட்டாரத்து ஏரிகள் தானாக உருவானவை அல்ல. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, மழை நீரைத் தடுத்து நிறுத்தியவை. கரையில் மதகு இருக்கும். அதைத் திறந்தால் தண்ணீர் தானாகவே கரைக்குக் கீழே உள்ள வயலுக்குப் பாயும். அந்த வயல்தான் ஆயக்கட்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். மாடம்பாக்கம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று வரிசையாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவெளியில் சேரும்.

இப்போது வில்லாவுக்கு வருவோம். அது கரைக்குக் கீழே, ஆயக்கட்டில் கட்டப்பட்டிருந்தால், வீட்டின் தரை ஏரி நிரம்பிய நீர்மட்டத்தைவிடத் தாழ்வு. அப்படி இல்லாவிட்டால் ஒரு காலத்தில் அங்கே நெல் விளைந்திருக்காது. கீழ்த்தளத்தில் நின்றால் கரையின் மண்மேடுதான் தெரியும், மாடிக்குப் போனால்தான் தண்ணீர் தெரியும். (வில்லாக்கள் ஏன் இரண்டு, மூன்று மாடி வளர்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.) மறுபக்கம், நீர்பிடிப்பில் கட்டியிருந்தால் அங்கே கரையே கிடையாது. மழைக்குத் தண்ணீர் வாசல் வரை ஏறி வரும், கோடையில் விலகிப் போய்ச் சேறும் சீமைக்கருவேலமும்தான் மிஞ்சும். விளம்பரத்தில் வரும் ஏரி பன்னிரண்டு மாதமும் நிறைந்திருக்கிறது. நம் ஏரிகளில் பெரும்பாலானவை ஐப்பசியில் நிறைந்து சித்திரை, வைகாசியில் வற்றுபவை. ஆக, ஒரு கோடி, இரண்டு கோடி கொடுத்து வாங்குகிறவருக்குப் பாதி ஆண்டு இல்லாத காட்சியை விற்கிறார்கள். அப்படியும் வாங்குகிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது தண்ணீராக இருக்க முடியாது.

எதை வாங்குகிறார்கள் என்பதற்கு முன்னால், விற்கிறவர் கைக்கு நிலம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

நம் முன்னோரின் நீர் மேலாண்மை பற்றி வாட்ஸ்அப்பில் வரும் பெருமிதக் கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அவற்றில் ஒருவர் மட்டும் வரமாட்டார். நீர்க்கட்டி. எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர், கரையில் எங்கே கசிவு என்று இரவும் மழையும் பார்க்காமல் ஏரியைக் காத்தவர். வட தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவர் சேரியைச் சேர்ந்தவர். அறுவடைக்கு அறுவடை சில மரக்கால் நெல் கூலி. அவர் பாய்ச்சிய தண்ணீரில் விளைந்த வயல் மிராசுதாருடையது. ஏரி முழுக்க அவர் பொறுப்பு, ஆனால் ஊர்க் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் இறைக்க அவருக்கு உரிமை இல்லை. ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் 'குடிமராமத்து' என்ற அழகான பெயர் கொண்ட வேலையில் மண் சுமந்த முதுகுகள் யாருடையவை? வெள்ளை அரசு 1858-ல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே கொண்டுவந்தது. ஏரி உடையும் ஆபத்து வந்தால் உழைப்பாளிகளைக் கட்டாயப்படுத்தி இறக்கலாம் என்பது அதன் சாரம். சாதி ஏற்கெனவே செய்துவந்ததற்குச் சட்ட முத்திரை.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் ஆட்சியர் திரமென்ஹீர், 'பறையர்'களின் நிலை பற்றி 1891-ல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அந்த நிலத்தை மற்ற சாதியினருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நிலங்களில் எத்தனை இன்று தலித்துகள் கையில் இருக்கின்றன? 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். நில விலை விண்ணைத் தொட்ட பழைய மகாபலிபுரம் சாலையும் அந்தப் போராட்டம் நடந்த மாவட்டத்தில்தான் ஓடுகிறது. ஆயக்கட்டு பயிரிடப்படாமல் கிடந்து, மனையாக மாறி, கைமாறியபோது பட்டா வைத்திருந்தவருக்குக் கோடி வந்தது. நாற்று நட்டவருக்கும் மதகு திறந்தவருக்கும் அன்றோடு வேலை போனது. அவர்களுக்கு இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை. ஏனென்றால் அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான் தேடியிருக்கிறேன்.

சரி, எதை வாங்குகிறார்கள்?

பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பர் இன்று ஐ.டி. நிறுவனமொன்றில் நல்ல வேலையில் இருக்கிறார். எங்கள் இரண்டு பேருடைய ஊரிலும் வீடு காலனியில்தான். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை வில்லா ஒன்றைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். மாடல் ஹவுஸ் குளிர்ந்து கிடந்தது. விற்பனைப் பிரதிநிதி, எங்கள் வயதுதான், மரியாதையானவர், எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். அவர் வீட்டைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்கு வெளியே இருக்கப்போகிறவர்களைப் பற்றி. "மூணு லெவல் செக்யூரிட்டி சார். வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி கேட். சுத்தி எல்லாம் நல்ல ஃபேமிலிஸ். மிக்ஸ்டு க்ரவுடு வராது." பிறகு, காபி வந்ததும், சிரித்துக்கொண்டே கேட்டார்: "சொந்த ஊர்ல எந்தத் தெரு சார்?"

இந்தக் கேள்வியின் அர்த்தம் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "மெயின் ரோடு" என்றார் நண்பர்.

திரும்பி வரும்போது நான் அங்கே பார்த்ததையெல்லாம் கோபமாகப் பேசிக்கொண்டே வந்தேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "எங்கம்மா முப்பது வருஷம் அடுத்தவங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சாங்கடா. சாகறதுக்குள்ள ஒரு பெரிய வீட்டுல, அவங்க ரூம்ல, ஜன்னலைத் தொறந்தா தண்ணி தெரியற மாதிரி ஒரு கட்டில்ல படுக்கணும். அது தப்பா?"

தப்பில்லை. பெரிய வீடு கட்டியதற்காக நம் மக்கள் அடிவாங்கிய வரலாறு இந்த மண்ணுக்கு உண்டு. 1995-ல் கொடியன்குளத்தில் புகுந்த போலீஸ் எதைக் குறிவைத்து உடைத்தது? வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய டி.வி.யை, மின்விசிறியை, தானியத்தை. 2012-ல் தர்மபுரி நத்தம் காலனியில் எரிந்தது குடிசைகள் மட்டுமா? பெங்களூரில் உழைத்துச் சேர்த்த காசில் எழுந்த காங்கிரீட் வீடுகள்தானே. எனவே ஆடம்பர வீட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் எளிமைப் பிரசங்கத்தை நான் செய்யப்போவதில்லை. அந்தப் பிரசங்கம் செய்கிற முற்போக்காளர்களில் பலருக்குத் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது.

என் கேள்வி அறையின் அளவைப் பற்றியதல்ல. வில்லாவின் விலையில் எவ்வளவு செங்கல்லுக்கு, எவ்வளவு மதில் சுவருக்கு என்பதைப் பற்றியது. நகரத்தில் சாதி கரைந்துவிடும் என்பது நம் தலைமுறைக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதி. கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்ன அம்பேத்கரும் அந்த நம்பிக்கையோடுதான் சொன்னார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இந்தியாவின் ஏழு பெருநகரங்களை ஆராய்ந்து திரினா விதயத்தில், காயத்ரி சிங் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, பொருளாதார நிலையைவிடச் சாதியே குடியிருப்புகளை அதிகம் பிரிக்கிறது என்று காட்டியது. அந்த ஏழில் சென்னையும் ஒன்று. டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோரை வைத்து சுகதேவ் தோரட் குழுவினர் செய்து 2015-ல் வெளியான ஆய்வும், தலித், முஸ்லிம் பெயர்களைக் கேட்டதும் கதவு மூடுவதைப் பதிவு செய்தது. "இது சாதி இல்லை தோழர், கிளாஸ்" என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளாஸ்தான் என்றால், இரண்டு கோடி வைத்திருக்கிறவரிடம் எந்தத் தெரு என்று ஏன் கேட்க வேண்டும்?

ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு வயல், ஒரு ஓடை இருக்கும். அந்த இடைவெளிதான் ஊரை ஊராக்கியது. லேக் வியூ வில்லாவில் ஏரி செய்கிற வேலையும் அதுதான். மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் தண்ணீர். எதிரே யாரும் குடிவர முடியாது என்ற உத்தரவாதம்.

எதிரே ஏற்கெனவே குடியிருந்தவர்களை என்ன செய்தார்கள்? பெரும்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். எட்டு அடுக்குக் கட்டடங்கள், சுமார் இருபதாயிரம் வீடுகள். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுவந்து கொட்டப்பட்டவர்கள். பெரும்பான்மையினர் தலித்துகள். அதற்கு முன்பே, 2000 வாக்கில், கண்ணகி நகர். குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர்ப் பலகை மேம்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை 'வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்ற' வேகவேகமாக அங்கே அனுப்பினார்கள். அதே டிசம்பரில் பெரும்பாக்கமும் வெள்ளத்தில்தான் நின்றது. கழுவெளியின் ஓரத்தில் கட்டிய வீடுகள் வேறெப்படி நிற்கும்?

அந்தக் கட்டடங்களின் மேல் மாடியிலிருந்து பார்த்தாலும் தண்ணீர் தெரியும், பறவைகள் தெரியும். சென்னையின் மிகப் பெரிய 'லேக் வியூ' குடியிருப்பு அதுதான். யாரும் அப்படி விளம்பரம் செய்வதில்லை. அங்கிருந்து காலையில் கிளம்பும் பெண்கள் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககங்களுக்கும் வில்லாக்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். கேட்டில் பையைத் திறந்து காட்டி, தனி லிஃப்ட்டில் ஏறி. முகவரி கண்ணகி நகர் என்றால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. நீர்க்கட்டி ஏரியைக் காத்தார், கிணற்றைத் தொடக்கூடாது. இவர்கள் குளியலறையைக் கழுவலாம், அதைப் பயன்படுத்தக்கூடாது.

வெள்ளம் எல்லோருக்கும் பொது என்பார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை வட்டாரத்தின் விலை உயர்ந்த அடுக்ககங்களிலிருந்தும் மக்கள் படகில்தான் வெளியே வந்தார்கள். உண்மை. ஆனால் 2015-ல் வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் குப்பையையும் செத்த பிராணிகளையும் அள்ள மாநிலத்தின் மற்ற நகராட்சிகளிலிருந்து லாரிகளில் ஏற்றி வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் யார்? பலருக்குக் கையுறைகூட இல்லை. பொது வெள்ளத்தின் சேறு ஒரு சாதிக்குத்தான் ஒதுக்கப்பட்டது.

இனி சட்டம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் இந்த நகரத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம். அரசின் வீட்டு வசதி வாரியமே 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்று வெட்கமில்லாமல் பெயர் வைத்து ஏரியில் வீடு கட்டி விற்றது. மதுரையில் உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில் நிற்கிறது. பள்ளிக்கரணைக் கழுவெளியில் மாநகராட்சி பெருங்குடிக் குப்பைமேட்டை வளர்த்தது. அரசு செய்தால் திட்டம், பில்டர் செய்தால் வளர்ச்சி, குடிசைக்காரர் செய்தால் ஆக்கிரமிப்பு. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு இறந்தார். பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு வில்லாவின் மதிலை இடிக்கப் போய் அப்படி ஒரு செய்தி வந்ததாக நான் படித்ததில்லை. மதிலை இடிக்கப் போனால்தானே.

சுற்றுச்சூழல் தோழர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. 'ஏரி மீட்பு' என்ற பெயரில் நடப்பவற்றைப் பாருங்கள். முதலில் வேலி. பிறகு நடைபாதை, செல்ஃபி மேடை, விடியற்காலையும் மாலையும் மட்டும் திறக்கும் கேட். அங்கே மாடு மேய்த்தவர், மீன் பிடித்தவர், துணி வெளுத்தவர், கோரை அறுத்தவர் எல்லோரும் ஒரே நாளில் ஏரியின் எதிரிகள் ஆகிவிடுகிறார்கள். ஏரி அழகானதும் பக்கத்து மனையின் விலை கூடுகிறது. விலை கூடியதும் மிச்சமிருக்கும் புறம்போக்கு வீடுகளின் மேல் கண் விழுகிறது. 2022-ல் பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததை நானும் கொண்டாடினேன். கழுவெளி பிழைக்க வேண்டும். ஆனால் அதைப் பிழைக்க வைக்கும் செலவை யார் கணக்கில் எழுதப்போகிறோம் என்று கேட்காத சூழலியல், சாதியின் கையில் இன்னொரு துடைப்பம்.

மகாடில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். நகராட்சி அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது, சாதி திறந்துவிடவில்லை. நம் ஏரிகளும் காகிதத்தில் பொதுச் சொத்துதான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தவர்களுக்கும், ஏரியைச் சுற்றி மதில் எழுப்பி 'பிரைவேட் லேக் வியூ' என்று விற்பவர்களுக்கும் தூரம் அதிகம் என்று நினைக்கிறீர்களா? குற்றத்தின் அளவு வேறு, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் யாருடையது என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றுதான்.

என்ன கேட்க வேண்டும்? ஏரியை ஒட்டி எழும் ஒவ்வொரு திட்டத்துக்கும் அனுமதி கொடுக்கும் முன், அந்தச் சர்வே எண்களின் நூறாண்டு வரலாற்றை, அதில் பஞ்சமி உண்டா என்பதை, மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்ல வேண்டும். இடிப்பதென்றால் வாய்க்காலை மறித்த வில்லா மதிலிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து எழுப்பப்படும் குடும்பத்துக்கு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, நகரத்துக்குள்ளேயே வீடு தரச் சொல்ல வேண்டும். ஏரிக்கரை முழுநீளமும் பொதுப்பாதை. எந்த கேட்டும் அதன் குறுக்கே வரக்கூடாது.

நண்பர் அந்த வில்லாவுக்கு முன்பணம் கட்டிவிட்டார். கட்டட்டும். குடியேறிய பிறகு அவரிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். புறநகரில் பல இடங்கள் இன்னும் ஊராட்சிகள்தான். கேட்டட் கம்யூனிட்டிக்காரர்கள் கிராம சபைக்குப் போகும் வழக்கம் இல்லை. அடுத்து மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் சபைக்கு அவர் போக வேண்டும், கரைப்பாதையை எந்தத் தீர்மானத்தின்படி அடைத்தார்கள் என்று எழுந்து கேட்க வேண்டும். சர்வே எண்களை நான் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.